சிரிக்க வைத்த ஜோசப் பிச்சை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாளில், மயிலாப்பூர், சாந்தோம் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் குயிபிள் ஐலண்டு கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வது வழக்கம். கல்லறையைக் கழுவி, பூமாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரிக்கும் வரை காத்திருப்போம். குழந்தைகளுக்கு அவ்வளவு நேரம் அமைதியாக நிற்கப் பொறுமை இருக்காது. கல்லறைகளுக்கு நடுவே ஓடி விளையாடுவார்கள். அப்படி அவர்கள் ஓடி விளையாடும் அந்த மண்ணில்தான் தமிழ்நாட்டுக் குழந்தைகளை ஒரு காலத்தில் விழுந்து விழுந்து சிரிக்க வைத்த ஒருவர் உறங்குகிறார். அவர்தான் ஜே.பி. சந்திரபாபு.

திரைப்பட நடிகரைப் பற்றி நம் சிந்தனைப் பகுதியில் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். அவர் புனிதராக வாழ்ந்தவர் அல்லர், அது உண்மைதான். ஆனால் அவர் நம்மவர். நம் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று, நம் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டவர். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட 46 ஆண்டுகள் எப்படிப் போயின என்பதைத்தான் இங்கு நினைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா நடைபெறும் நாட்களில் அவர் பிறந்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தத் திருவிழா எப்படிப்பட்டது என்று நாம் சொல்லத் தேவையில்லை. எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள்கூட அந்தப் பத்து நாட்களுக்கு ஊர் திரும்பிவிடுவார்கள். அந்த வேளையில் பிறந்த பிள்ளை என்பதால் அவருடைய பெயரில் பனிமயதாசன் என்பதும் சேர்ந்துகொண்டது. குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, பிழைப்பதே அரிது என்ற நிலையிலிருந்து மீண்டார். இறைவன் போட்ட பிச்சை என்று கருதிய பெற்றோர் ஜோசப் பிச்சை என்று அழைத்தார்கள். தென் மாவட்டங்களில் பிச்சை என்ற பெயர் எல்லா மதத்தாரிடமும் உண்டு. இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய பிள்ளைக்கு வைக்கும் பெயர் அது. சந்திரபாபு என்ற பெயரைப் பின்னாளில் அவராகச் சூட்டிக்கொண்டார்.

தந்தை ரொட்ரிகோ விடுதலைப் போராட்ட வீரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். அதற்காகச் சிறை சென்றார், சொத்துகளையும் இழந்தார். விடுதலையான பிறகு குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. சிறுவன் பிச்சை கொழும்பில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார். அவருடைய ஆங்கிலமும், மேற்கத்திய இசை மீதிருந்த நாட்டமும், பாட்டின் நடுவே குரலை உடைத்து மேலே தூக்கும் அந்த 'யோடலிங்' முறையும் கொழும்பு வாழ்க்கை தந்தவை என்பார்கள். 1943இல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. நாட்டுக்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட ஒருவரின் வீட்டில் என்ன மிஞ்சியிருக்கும்? வறுமைதான் மிஞ்சியிருந்தது.

1947இல் 'தன அமராவதி' என்ற படத்தில் சிறிய வேடம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஐந்தாண்டுகள் ஸ்டுடியோ வாசல்களிலேயே கழிந்தன. பாட்டுப் பாடிக் காட்டச் சென்ற ஓரிடத்தில், இசையமைப்பாளருக்கு உதவியாளராக இருந்த ஓர் இளைஞர் இவர் குரல் சரிவராது என்று தள்ளிவிட்டார். அந்த இளைஞரின் பெயர் எம்.எஸ். விஸ்வநாதன். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கடைசியில் மறுபடியும் வரும்.

அந்நாளில் சென்னையில் நடிக்க வந்தவர்கள் அனைவரும் கண் வைத்திருந்த இடம் ஜெமினி ஸ்டுடியோ. இன்று அண்ணா மேம்பாலத்துக்கு அருகே பார்க் ஹோட்டல் இருக்கும் இடத்தில் அது இருந்தது. அதன் அதிபர் எஸ்.எஸ். வாசனை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் போதும் என்று சந்திரபாபு அலையாய் அலைந்தார். பார்க்க முடியவில்லை. 1952இல் ஒரு நாள் அந்த ஸ்டுடியோவுக்குள்ளேயே தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அங்கிருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். பிழைத்து எழுந்தவரைக் காவல்துறை நீதிமன்றத்தில் நிறுத்தியது. ஏனென்றால் அன்றைய சட்டப்படி தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம்.

அந்த நீதிமன்றத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீதிபதி காரணம் கேட்டபோது சந்திரபாபு ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையிலேயே சுட்டுக்கொண்டாராம். கை சுட்டதை நீங்கள் பார்க்கலாம், அந்தச் சூட்டை நீங்கள் உணர முடியாது, என் துயரமும் அப்படித்தான் என்ற பொருளில் பேசினாராம். அப்போது அவருக்கு வயது 25கூட நிரம்பியிருக்குமோ என்னவோ. நடிகர் என்பதால் நீதிமன்றத்திலும் நடித்துவிட்டார் என்று இதைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு எந்த வழியிலும் சொல்லத் தெரியாத ஒன்றை, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவர் சொல்லியிருக்கிறார்.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று அவர் இறந்திருந்தால், அவருக்குத் திருச்சபையின் கல்லறையில் இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், மனமறிந்து தம் உயிரைப் போக்கிக்கொண்டவர்களுக்கு, அவர்கள் மனம் வருந்தியதற்கு அடையாளம் இல்லையென்றால், திருச்சபை முறைப்படியான அடக்கத்தை மறுத்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைக்கப்பட்டவர்களைப் பற்றி நம் பாட்டிமார்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதை நம்மில் சிலராவது கேட்டிருப்போம். 1983இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான மனக்கலக்கமும் வேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்று கூறி, அப்படி இறந்தவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் சொல்கிறது. நாட்டின் சட்டமும் மெல்ல மெல்ல அதே திசையில் நகர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவேயில்லை. தீக்குச்சியால் அவர் சொன்னது சட்டப் புத்தகத்தில் ஏற எழுபது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

நல்ல வேளையாக வாசனின் மனம் இளகியது. அதே 1952இல் ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் சந்திரபாபுவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் நின்று பார்க்க நேரமில்லாமல் ஓடினார். 1954இல் 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி' படத்தில் சிவாஜி கணேசனுக்கே பின்னணி பாடினார். அதே ஆண்டில் 'பெண்' படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்காகப் பாடினார். 'புதையல்', 'நாடோடி மன்னன்', 'சபாஷ் மீனா', 'மரகதம்' என்று வரிசையாகப் படங்கள் வந்தன. சென்னைத் தெருக்களில் ரிக்‌ஷாக்காரரும் பால்காரரும் பேசுகிற மெட்ராஸ் பாஷையை, தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த இவர் பேசியதுபோல் திரையில் வேறு யாரும் அதுவரை பேசியதில்லை. 1959இல் ஏவி.எம். நிறுவனத்தார் 'சகோதரி' என்ற படத்தை முடித்துவிட்டுப் பார்த்தபோது, ஏதோ குறைகிறது என்று பட்டது. சந்திரபாபுவை அழைத்து, பால்காரர் வேடத்தில் நகைச்சுவைக் காட்சிகளைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். படம் பிழைத்துக்கொண்டது.

குழந்தைகளுக்கு அவரை ஏன் அவ்வளவு பிடித்தது என்று யோசித்துப் பார்த்தால், அவர் விழும் விதம்தான் காரணம் என்று நினைக்கிறோம். எலும்பே இல்லாதவர்போல் முழங்காலை மடக்கி, உடம்பை வளைத்து, தொப்பென்று விழுந்து, அடுத்த நொடி ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்பார். குழந்தைகளின் நாட்களும் விழுவதும் எழுவதுமாகத்தானே போகின்றன! இன்றைக்கும் நம் பங்குகளின் கிறிஸ்மஸ் கலைவிழாக்களில் யாராவது ஒரு பையன் இறுக்கமான கால்சட்டை அணிந்து அந்த ஆட்டத்தை ஆடினால், தாத்தாமார்களுக்கு முன்பாகச் சின்னஞ்சிறுசுகள்தான் கை தட்டுகின்றன. யாருடைய ஆட்டம் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்த மனிதர் எப்படி இருந்தார்?

1958இல் அவருக்குத் திருமணம் நடந்தது. திருமணமான சில நாட்களிலேயே, தான் வேறொருவரை நேசிப்பதை அந்தப் பெண் மனம் திறந்து சொல்லிவிட்டார் என்பதும், சந்திரபாபு ஆத்திரப்படாமல் அவரை அவர் விரும்பிய வாழ்க்கைக்கே அனுப்பிவைத்தார் என்பதும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. 1981இல் கே. பாக்யராஜ் எடுத்த 'அந்த 7 நாட்கள்' படத்துக்கு இந்த நிகழ்ச்சியே தூண்டுதல் என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பெண்ணைப் பழித்துப் பேசுவது நம் ஊரில் எளிது. ஆனால் திருமணம் என்ற அருள்சாதனத்துக்கு மணமக்கள் இருவரின் முழுமனச் சம்மதமே உயிர் என்று திருச்சபை போதிக்கிறது. அந்தச் சம்மதம் இல்லாத இடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் போக விட்டது பெருந்தன்மையான செயல் என்றே நமக்குப் படுகிறது. அந்தப் பெருந்தன்மைக்கு அவர் கொடுத்த விலைதான் பெரிது. அதன்பிறகு அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஊரே சிரித்துக் களைத்துத் தூங்கப் போன பிறகு அவர் திரும்பிச் சென்ற வீட்டில் யாரும் இல்லை. மது நெருங்கிய துணையானது அதன் பிறகுதான் என்று பழகியவர்கள் கூறியிருக்கிறார்கள்.

அவரை முழுக்க முழுக்கப் பரிதாபத்துக்குரியவராக மட்டும் காட்டுவதும் நியாயம் ஆகாது. அவருக்கு நாவடக்கம் கிடையாது. பெரிய நடிகர்களைக்கூடப் பெயர் சொல்லித்தான் அழைப்பார். மனத்தில் பட்டதைப் பத்திரிகையாளர்களிடம் போட்டு உடைப்பார். அந்தப் படவுலகில் அது எப்படிப்பட்ட பகையைத் தேடித் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரால் நட்டப்பட்டவர்களும் உண்டு. கவிஞர் கண்ணதாசன் 1960இல் 'கவலை இல்லாத மனிதன்' என்ற படத்தைத் தயாரித்து, சந்திரபாபுவை முக்கிய வேடத்தில் போட்டார். படப்பிடிப்புக்கு வராத நடிகரைத் தேடி வீட்டுக்குப் போய்க் கவிஞர் வெளியே காத்திருக்க, இவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார் என்ற கசப்பான அனுபவத்தைக் கண்ணதாசனே பதிவு செய்திருக்கிறார். அந்தப் படத்தால் கவிஞர் பெருங்கடனில் விழுந்தார். படத்தின் பெயரையும் அதைத் தயாரித்தவரின் கவலையையும் சேர்த்து நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்து, சந்திரபாபு பாடிய பாட்டு இன்னும் நிற்கிறது. அழுதுகொண்டே பிறந்து அழுகையோடே போகிற மனிதன் நடுவில் ஒருநாளாவது கவலையை மறந்து சிரிக்கக் கூடாதா என்று கேட்கும் பாட்டு அது.

அந்தப் பாட்டை அவர் குடியரசுத் தலைவர் மாளிகையில் பாடியிருக்கிறார். 1965 போரின் காலத்தில் எல்லையிலுள்ள வீரர்களை மகிழ்விக்கச் சென்ற தமிழ்க் கலைஞர்கள் டில்லியில் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனைச் சந்தித்தார்கள். சந்திரபாபு பாடி முடித்ததும் குடியரசுத் தலைவர் பாராட்டினார். மகிழ்ச்சி தாங்காமல் இவர் ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்து, முகவாயைப் பிடித்துக் கொஞ்சி, நல்ல ரசிகர் என்று அவரையே பாராட்டிவிட்டாராம். உடனிருந்தவர்கள் உறைந்துபோக, இராதாகிருஷ்ணன் சிரித்துவிட்டார். மயிலாப்பூரில் வீடு கட்டி வாழ்ந்த அந்தப் பேராசிரியரின் மடியில் ஏறி உட்கார வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்? இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். 38 வயது மனிதர் ஒரு பாராட்டுச் சொல்லைக் கேட்டவுடன் குழந்தையாகி ஒரு மடியைத் தேடிப் போனார் என்பதையும் நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அவர் வீழ்ந்த கதை அடையாற்றின் கரைப் பகுதியில் தொடங்கியது. பணம் வந்த காலத்தில், கிரீன்வேஸ் சாலையை ஒட்டிய கேசவப்பெருமாள்புரத்தில் மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். காரிலேயே மாடிக்குப் போய் இறங்கும்படி அமைத்த வீடு என்று அன்று சென்னை முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. அதே நேரத்தில் எம்.ஜி.ஆர். அவர்களை வைத்து ஒரு படத்தைத் தானே தயாரித்து இயக்க முற்பட்டார். படத்தின் பெயர் 'மாடி வீட்டு ஏழை'. சில நாள் படப்பிடிப்பு நடந்தது. பிறகு தேதி கிடைக்கவில்லை, பேசப் போன இடத்தில் சண்டை மூண்டது, படம் நின்றது. குற்றம் யார் பக்கம் என்று அன்று முதல் இன்று வரை இரு தரப்பிலும் பேசுகிறார்கள். அந்த வழக்கைத் தீர்ப்பது நம் வேலை அல்ல. கடன் மட்டும் சந்திரபாபுவின் தலையில் நின்றது. மாளிகை கையை விட்டுப் போனது. படத்தின் பெயர் அவருக்கே பலித்துவிட்டது என்று ஊர் பேசியது. அப்படிப் பேசியதிலும் கொஞ்சம் சிரிப்புக் கலந்திருந்தது.

1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்ற படத்தை அவரே இயக்கி நடித்தார். தலைப்பு நற்செய்தியிலிருந்து வந்தது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்டுடியோக் கதவுகளைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்த ஒருவர் அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். படம் ஓடவில்லை. பின்னர் எம்.ஜி.ஆரின் 'அடிமைப் பெண்' படத்திலும், சிவாஜியின் 'ராஜா' படத்திலும் வேடங்கள் கிடைத்தன. ஆனால் அதற்குள் உடல் தளர்ந்துவிட்டது. அந்தப் பழைய ஆட்டத்தை ஆட முடியவில்லை. நகைச்சுவைக்கு வேறு நடிகர்கள் வந்துவிட்டார்கள்.

தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பிறந்தநாள் விழாக்களுக்குக் கோமாளி வேடம் போட்டு ஒருவரை நிறுத்தும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. சிவப்பு மூக்கும் வண்ணத் தொப்பியுமாக அவர் பலூனை முறுக்கி நாய்க்குட்டி செய்து கொடுப்பார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக் குதிப்பார்கள். பிறகு கேக் வெட்டியாகிவிடும், எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். சாப்பிட்டீர்களா என்று அவரை யாராவது கேட்டார்களா என்று நாம் எத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்கிறோம்? சந்திரபாபுவைச் சுற்றியும் ஆட்கள் இல்லாமல் இல்லை. அவருடைய வருத்தத்தையும் ஒரு நகைச்சுவைக் காட்சியாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். அவரும் அப்படித்தான் பழக்கியிருந்தார். சோகத்தைச் சொன்னால்கூட அதில் ஒரு சேட்டையைச் சேர்த்துத்தான் சொல்வார். தீக்குச்சி கொளுத்திக் காட்டிய அந்த வழக்குக்குப் பிறகு, 22 ஆண்டுகளில் அவர் தன் வேதனையை அவ்வளவு நேராக யாரிடமாவது சொன்னாரா, சொன்னபோது கேட்க யாராவது இருந்தார்களா என்ற கேள்வி நம்மை விட்டுப் போவதில்லை.

அவர் மாளிகை கட்டிய அதே இராஜா அண்ணாமலைபுரம் பகுதியில்தான், மனம் உடைந்தவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' அமைப்பு இயங்கி வருகிறது. தொலைபேசியில் பேசலாம், நேரில் போகலாம். அங்கே அறிவுரை சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் இத்தகைய உதவி உண்டு. வாசகர்களில் யாருக்கேனும், அவர்கள் வீட்டில் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் யாருக்கேனும், இது பயன்படலாம் என்பதால் இங்கே குறிப்பிடுகிறோம்.

1974ஆம் ஆண்டு தவக்காலம். மார்ச் 8, வெள்ளிக்கிழமை. மாலையில் கோவில்களில் சிலுவைப்பாதை நடக்கும் நாள். அன்று சந்திரபாபு இறந்தார். வயது 46. கையில் பணமில்லை, சொந்தமாக வீடில்லை, மனைவி மக்கள் இல்லை. தன் உடலைச் சிறிது நேரம் நண்பர் ஒருவரின் வீட்டில் வைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசையாக இருந்தது. அந்த நண்பர் எம்.எஸ். விஸ்வநாதன். ஒரு காலத்தில் அவருடைய குரலைச் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர். பின்னாளில் அந்தக் குரலுக்கென்றே மெட்டுகளை அமைத்தவர். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த இசைக்கலைஞரின் வீட்டில், கத்தோலிக்க நண்பரின் உடலை வைத்திருந்தார்கள். பிறகு அங்கிருந்து குயிபிள் ஐலண்டு கல்லறைத் தோட்டத்திற்கு எடுத்துச் சென்று, செபம் சொல்லி, ஜோசப் பிச்சையை அடக்கம் செய்தார்கள்.